செக்கிங் அக்காவும் நாப்பத்தோரு பேரும்

என் அண்ணி பஸ்ல டிக்கெட் செக்கிங். இருபத்திரெண்டு வருஷமா அதே வேலை. முன்வாசல்ல ஏறி பின்வாசல்ல இறங்கறதுக்குள்ள அந்த வண்டியில யாருகிட்ட டிக்கெட் இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எப்படின்னு கேட்டா, "டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளிய ரொம்ப அக்கறையா பாப்பான்"னு சொல்லுவாங்க. சரி, அது வேலை. வேலையை வண்டியோட விட்டுட்டு வரணும் இல்ல? அண்ணி அதை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டாங்க. காய்காரர் தராசைத் தூக்கினா எல்லாரும் தராசைப் பாப்பாங்க, அண்ணி அவர் மூஞ்சியைப் பாப்பாங்க. கல்யாணமான புதுசுல என் அண்ணன் சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்னப்போ, "ரொம்ப சந்தோஷம்"னு சொல்லிக்கிட்டே அவரோட சட்டைப் பையை மோந்து பாத்தவங்க. அண்ணன் அதுக்கப்புறம் நிஜமாவே விட்டுட்டார். பயம்தான், வேற என்ன.

இப்படிப்பட்ட ஒரு பொம்பளை கையில ஒன்பதாயிரம் பேர் இருக்கற குழுவைக் குடுத்தா என்ன ஆகும்? நான் சொல்றேன், ஏன்னா எனக்குத்தான் ஆச்சு. ஒன்பதாயிரம் பேர்ல அவங்க கையைக் காட்டினது என்னை. புருஷனோட கூடப் பிறந்த தங்கச்சியை.

குழு என்னன்னா, ஆன்லைன்ல, தனியா இருக்கற, இல்ல தனியா இருக்க வேண்டி வந்த பொம்பளைங்க வாடகைக்கு ரூம் தேடற குழு. ஒரு டீச்சர் ஆரம்பிச்சாங்க. அவங்க வெளியூர் போனப்போ, "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்க"ன்னு எங்க தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க. அண்ணியும் நானும் மாடரேட்டர். சம்பளம் கிடையாது. நன்றி அதைவிடக் கிடையாது. நான் மருந்துக் கடையில கவுன்டர்ல நிக்கறவ. அதனால அண்ணி எனக்கு வச்ச பேர் மாத்திரை. அவங்களுக்குக் குழுவுல பேர் செக்கிங் அக்கா. அவங்க வேலையைத் தெரிஞ்சு வச்ச பேர் இல்ல. அவங்க பண்றதைப் பாத்து ஜனங்களே வச்சது.

சேரணும்னு கேக்கறவங்களுக்கு மூணு கேள்வி. மூணுமே அண்ணி எழுதினது. ரெண்டாவது கேள்வி, "நீங்க இப்போ இருக்கற ரூம்ல ஜன்னலைத் திறந்தா என்ன தெரியுது?" நான் சிரிச்சேன், இது என்ன கேள்வின்னு. "பொறு"ன்னாங்க. பொம்பளை பேர்ல உள்ள வரப் பாக்கற ஆம்பளைங்க, "அழகான இயற்கைக் காட்சி"ன்னு எழுதினாங்க. புரோக்கருங்க, "நல்ல காற்றோட்டம்"னு எழுதினாங்க. நிஜமா ரூம் தேடற பொண்ணுங்க, "பக்கத்து வீட்டு சுவர்"னு எழுதினாங்க. இல்லன்னா, "ஜன்னல் திறக்காது அக்கா"ன்னு. நான் சிரிப்பை நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் குரல்ல ஒரு செய்தி அனுப்பச் சொல்லுவோம், இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லி. அந்தக் குரலை அண்ணி மூணு தடவை கேப்பாங்க. பின்னாடி ஆம்பளை இருமினா அனுமதி கிடையாது.

இந்தக் குழுவுக்குள்ளயே சின்னதா இன்னொண்ணு வச்சிருந்தோம். உள்ரூம்னு பேர். வீட்டை விட்டு ஓடி வந்தவங்க, யாரோ தேடிக்கிட்டிருக்கறவங்க, அவங்களுக்கு உதவி பண்ற நம்பிக்கையான சில பேர், அவ்வளவுதான். எங்க வழக்கம், யாரும் ரூம் பாக்கத் தனியா போகக் கூடாது. குழுவுல இருந்து ரெண்டு பேர் கூடப் போகணும். அதனால ரூம் எங்க, எத்தனை மணிக்குப் பாக்கப் போறாங்கன்னு உள்ரூம்ல போடுவோம், முடிஞ்சவங்க வருவாங்க. பட்டியல்ல நாப்பத்தோரு பேர். அந்த நாப்பத்தோரு பேரையும் எனக்கு மனப்பாடமா தெரியும்னு நான் பெருமையடிச்சுக்கிட்டதுண்டு.

அதுல ஒருத்திதான் பேக்கரிப் பொண்ணு. ரொட்டிக் கடையில மாவு பிசையற வேலை. இருபத்தாறு வயசு இருக்கும். புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவ. அவன் அடிக்கறவன் மட்டும் இல்ல, கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போறவன். அவளுக்கு அச்சாபீசுக்குப் பின்னாடி ஒரு மூணாவது மாடி ரூம் பிடிச்சுக் குடுத்தோம். குடி போன நாலாவது நாள் காலையில அவன் அந்தக் கேட்டுக்கு எதிர்ல நின்னுக்கிட்டிருந்தான். கத்தல, கதவைத் தட்டல. கையைக் கட்டிக்கிட்டு மாடியையே பாத்துக்கிட்டு நின்னான். சாயங்காலம் வரைக்கும் நின்னான். மறுநாளும் வந்தான். வீட்டுக்காரம்மா பயந்து போய், "எனக்கு வம்பு வேண்டாம்மா"ன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

தற்செயல்னு நினைச்சோம். அதாவது, நான் நினைச்சேன். அண்ணி நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. ரெண்டாவது ரூம், ஊரோட அந்தக் கோடியில. இந்தத் தடவை அவ ரூம் பாக்கப் போறதுக்கு முன்னாடியே அவன் அந்தத் தெருவுல இருந்தான். கூடப் போன ரெண்டு பேரும் அவளை ஆட்டோவுல திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. பேக்கரி முதலாளி மாவு மூட்டை வைக்கற ரூம்ல மாசக் கடைசி வரைக்கும் தங்கிக்கச் சொன்னார்.

அந்தப் பொண்ணு அண்ணிக்கு ஃபோன் பண்ணப்போ நானும் பக்கத்துல இருந்தேன். அழல. அழுதிருந்தா தேவலை. "அக்கா, உங்க குழுவுல யாரோ அவனுக்கு சொல்றாங்க. யாருன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை அவன் வந்து நின்னா நான் அவன் கூடவே போயிடறேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கு அலுத்துப் போச்சு"ன்னா. அண்ணி, "மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னைக்கு ஆரம்பிச்சுது சனியன். உள்ரூம்ல ஒரு பதிவை யாரெல்லாம் பாத்தாங்கன்னு பட்டியல் காட்டும். ரெண்டாவது ரூம் விவரம் போட்டதுல இருந்து அவன் தெருவுக்கு வர்றதுக்குள்ள பாத்தது மொத்தம் பத்து பேர்னு காட்டிச்சு. அண்ணி ஒரு பழைய டிரிப் ஷீட்டோட பின்பக்கத்துல பத்து பேரையும் எழுதினாங்க. தன்னோட பேரை முதல்ல அடிச்சாங்க. பேக்கரிப் பொண்ணோட பேர் ரெண்டு தடவை வந்திருந்துச்சு, ரெண்டையும் அடிச்சாங்க. பறிகொடுத்தவளை யாராவது சந்தேகப்படுவாங்களா? பக்கத்துல உக்காந்திருந்த எனக்கும் ஒண்ணும் தோணல. அப்புறம் என்னைப் பாத்தாங்க. ஒரு நொடி பேனா நின்னுச்சு. அடிச்சாங்க. மிச்சம் ஆறு பேர்.

அந்த ஆறு பேரும் எனக்குப் பிடிச்ச ஆறு பேர். ஒரு ரிட்டயர்ட் நர்ஸ், ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரி, அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ஒரு கணக்கெழுதறவங்க, ஒரு நீச்சல் கோச். ஒவ்வொருத்தரைப் பத்தியும் அண்ணி துருவித் துருவி எடுத்தாங்க. நர்ஸ் ஏன் எப்பவும் உடனே பதில் போடறாங்க? கோச் ஏன் பதிலே போடறதில்ல? "ரெண்டுமே தப்புன்னா மனுஷங்க எப்பதான் பதில் போடறது அண்ணி?"ன்னு கேட்டேன். "நீ சும்மா இரு மாத்திரை"ன்னாங்க. அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், நானும் சும்மா இல்ல. நர்ஸ் கடைக்கு வந்தப்போ, அவங்க ஃபோனை எந்தக் கையில மறைச்சுப் பிடிக்கறாங்கன்னு நானும்தான் பாத்தேன். அந்த வியாதி ஒட்டிக்கும்.

அண்ணி என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே ஒரு பொறி வச்சாங்க. ஆறு பேருக்கும் தனித்தனியா செய்தி. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு இந்த ஸ்டாப்புல இறங்கி ரூம் பாக்கப் போறா, யார்கிட்டயும் சொல்லாதீங்க." ஆறு பேருக்கு ஆறு ஸ்டாப். எல்லாம் அண்ணி டூட்டி பாக்கற ரூட்டு. சனிக்கிழமை அந்த ஆறு ஸ்டாப்பையும் அவங்க மாத்தி மாத்தி வண்டி ஏறி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்தாங்க. அவன் எந்த ஸ்டாப்புக்கும் வரல. ஆனா ரூட்டுக்கு நடுவுல வேற ஒரு இடத்துல அவனைப் பாத்துட்டாங்க. என் மருந்துக் கடையில இருந்து இறங்கி வந்தான்.

அதை என்கிட்ட சொல்லல. ஞாயித்துக்கிழமை காலையில உள்ரூம்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஏழாவது ஸ்டாப் ஒண்ணைப் போட்டாங்க. இருபது நிமிஷத்துல அவன் ஹெல்மெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்த ஸ்டாப்புல வந்து நின்னான். எதிர்த்தாப்புல கடை ஓரமா அண்ணி நின்னு பாத்திருக்காங்க.

மத்தியானம் அண்ணன் வீட்டுல சாப்பாடு. நான் எதுவும் தெரியாம ஈன்னு இளிச்சுக்கிட்டே போய் உக்காந்தேன். அண்ணி எனக்குப் பரிமாறினாங்க, தானும் உக்காந்தாங்க, அப்புறம் கேட்டாங்க.

"மாத்திரை, அவன் உன் கடைக்கு வரானா?"

எவன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல. "வரான். அவங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க."

"எத்தனை மாசமா?"

"மூணு நாலு மாசமா. போட்டோவுல பாத்ததுக்கப்புறம்தான் அவன்னு தெரியும்."

"ஏன் சொல்லல?"

"யார் என்ன மருந்து வாங்கறாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது அண்ணி. என் வேலை அது."

நான் சொன்னது நிஜம். ஆனா பாதி நிஜம். சொன்னா, அண்ணி கடைக்கே வந்து இருமல் மருந்து அலமாரி பக்கம் நின்னுக்குவாங்க, முதலாளி என்னைக் கேப்பார். அந்தப் பயத்துலதான் வாயைத் திறக்கல. அதைச் சொல்லாம தண்ணி டம்ளரை எடுத்தேன், அப்படியே வாசப்பக்கம் பாத்தேன்.

"இப்போ நீ வெளிய பாக்கற"ன்னாங்க அண்ணி.

அண்ணன், "ஏய், என்ன விசாரணை இது, சாப்பிட விடு அவளை"ன்னார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்ல. அவங்க மனசுல ஓடினது இது: ஆறு பேருக்கும் தனியா சொன்னது அவனுக்குப் போகல, உள்ரூம்ல போட்டது போச்சு. பொறி எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்திதான் பொறியில மாட்டாம இருக்க முடியும். அது தெரிஞ்சது இந்த வீட்டுல ரெண்டே பேருக்கு. கணக்கு போட்டு முடிச்சுட்டு, "உன் போனைக் குடு, பாத்துட்டுத் தரேன்"ன்னு கையை நீட்டினாங்க.

குடுத்திருக்கணும். குடுத்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு வந்த கோவம் இருக்கே. "நான் என்ன டிக்கெட் இல்லாம ஏறினவளா, பையைத் திறந்து காட்ட?"ன்னு எழுந்துட்டேன். அண்ணன், "அவ என் தங்கச்சி"ன்னார் சத்தமா. அண்ணி, "அதனாலதான் இத்தனை நாள் அவ பக்கம் பாக்காம விட்டேன்"ன்னாங்க. நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள என்னை மாடரேட்டர்ல இருந்து எடுத்து, குழுவுல இருந்தும் எடுத்துட்டாங்க.

மூணு வாரம் பேச்சு இல்ல. எனக்கு வலிச்சுது, பொய் சொல்லல. அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு செருப்பு கிடக்கும், அந்த அளவுக்குப் பழகின இடம். அண்ணன் மட்டும் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை வாங்கற மாதிரி என்னைப் பாத்துட்டுப் போவார். "அவளைப் பத்தித் தெரியும் இல்ல"ம்பார். தெரியும்தான். அதுக்காக? மனசுக்குள்ள நான் அவங்களை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கறப்பக் கூட உதடு அசையுதுன்னு கூட வேலை பாக்கறவ சொன்னா.

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருந்தப்போ பேக்கரிப் பொண்ணு கடைக்கு வந்தா. கையில சுட்ட காயத்துக்குக் களிம்பு வேணும்னா. வாங்கிட்டுப் போகாம நின்னா.

"அக்கா, நீங்கதான்னு அந்த அக்கா சொல்றாங்க. உங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்னுதான் வந்தேன்."

"நான் இல்ல"ன்னேன். வேற என்ன சொல்றது? மூணு வாரமா ஒத்திகை பாத்த நாலு கேள்வியும் இவகிட்ட கேக்க முடியாது.

"அப்போ யாரு?"

"உன் போனைக் குடு. உள்ரூம் பட்டியலைப் பாக்கறேன். என்னைத்தான் வெளிய தள்ளியாச்சே."

குடுத்தா. நாப்பத்தோரு பேர் இருந்த பட்டியல், இப்போ என்னைக் கழிச்சு நாப்பது. மேல இருந்து ஒவ்வொரு பேரா பாத்தேன். பேக்கரிப் பொண்ணோட பேர், அதுக்குக் கீழ மறுபடியும் அவ பேர். ஒண்ணுல புது போட்டோ, ஒண்ணுல பழைய போட்டோ. பழைய போட்டோ பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுது. ஆள் இப்போ ஆன்லைன்ல இருக்காங்கன்னு அர்த்தம்.

"இது எது?"ன்னேன்.

"அதுவா, என் பழைய கணக்குக்கா. வீட்டுல இருந்தப்போ வச்சிருந்தது. அந்தப் போன் உடைஞ்சு போச்சு. அவன் கைதவறிக் கீழ போட்டுட்டான், குப்பையில எறிஞ்சுட்டேன்னான். அதான் புது போன், புது கணக்கு."

"நீ இங்க என் முன்னாடி நிக்கற. உன் போன் என் கையில இருக்கு. குப்பையில கிடக்கற போன்ல இருந்து இப்போ யாரு பாத்துக்கிட்டிருக்கா?"

அவ முகத்துல ஈயாடல. கவுன்டரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. ஒரு வருஷத்துக்கு முன்னாடி, புருஷன் வீட்டுல இருக்கறப்பவே அவ உள்ரூம்ல சேர்ந்திருந்தா. தப்பிச்சு வந்ததும் புது கணக்குல, "பழைய ஆள்தான் அக்கா, போன் மாறிடுச்சு"ன்னு குரல் செய்தி அனுப்பி மறுபடி சேர்ந்தா. சேர்த்துக்கிட்டவங்க பழைய கணக்கை எடுத்து வீசல. எல்லாரும் அவ பேரை ரெண்டு தடவை பாத்தோம். அவளேதானேன்னு விட்டோம். பஸ்ல எத்தனை வருஷம் செக்கிங் பண்ணி என்ன, பர்ஸைப் பறிகொடுத்தவளோட டிக்கெட்டை யாரும் கேக்கறதில்ல.

நான் முதலாளிகிட்ட அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். சந்தோஷம்னா சந்தோஷம். வழியெல்லாம் சிரிப்பு. வாசல்லயே நின்னு அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில, "பழைய கணக்கை விட்டுட்டுப் புதுசைச் சேர்த்தது யாரு? பாருங்க, பதிவேட்டுல இருக்குமே"ன்னேன். எனக்குத் தெரியும், புது ஆளுங்க குரலைக் கேக்கறது எப்பவும் அண்ணிதான்.

அண்ணி முதல்ல அந்தப் பழைய கணக்கை நீக்கினாங்க. அப்புறம் பதிவேட்டைத் திறந்து விரலால தள்ளித் தள்ளிக் கீழ போனாங்க. எங்கயோ நின்னாங்க. என்னை நிமிந்து பாத்தாங்க. போனை அணைச்சு மடியில கவுத்து வச்சாங்க.

"நான்தான்"ன்னாங்க. "என் தப்புதான்."

அண்ணன் எட்டிப் பாத்தார். நான் விடுவேனா? ஒத்திகை பாத்த நாலு கேள்வியையும் கேட்டேன், கூட ரெண்டு சேர்த்துக் கேட்டேன். அண்ணி அன்னைக்கே என்னை மறுபடி மாடரேட்டர் ஆக்கினாங்க. குழுவுல, "கவனக்குறைவு என்னுடையது, என் நாத்தனார் மேல் நான் சொன்ன குற்றம் பொய்"ன்னு ஒரு பதிவு போட்டாங்க. பேக்கரிப் பொண்ணுக்கும் ஃபோன் பண்ணி சொன்னாங்க. அவ பேசின பேச்சு எனக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுது. "உங்களை நம்பினதுக்கு நான் அவன்கிட்டயே உதை வாங்கியிருக்கலாம். எல்லாரையும் சந்தேகப்பட்டீங்களே, உங்களை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டீங்களா?" அண்ணி, "இல்லம்மா, தப்புதான்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அப்போ இரக்கமே வரல. நல்லா வேணும்னு இருந்துச்சு.

மூணாவது ரூம் கிடைச்சுது. அவன் வரல. அஞ்சு மாசம் ஆச்சு, இன்னி வரைக்கும் வரல.

இது மாதிரி இன்னும் எத்தனை பழைய கணக்கு ஒட்டிக்கிட்டிருக்குன்னு பாக்கணும்னு நான்தான் சொன்னேன். அண்ணி, "நானே பாத்துக்கறேன், நீ விடு"ன்னாங்க. வழக்கமா வேலையை என் தலையில கட்டறவங்க. எனக்கு சுரீர்னுச்சு. இன்னும் என்னை நம்பலையா? அந்த ரோஷத்துலதான் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து ஒரு வருஷப் பதிவேட்டை நானே வரிவரியா பாத்தேன். போன் மாறி வந்தவங்க மொத்தம் பதிமூணு பேர். ஆறாவது வரியில பேக்கரிப் பொண்ணு. அனுமதிச்சவர்ங்கற இடத்துல என் பேர். வேலை நாள், காலை பதினொண்ணு நாப்பது.

அந்த நேரம் கடையில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி சீட்டோட பத்து பேர் நிப்பாங்க. ஒரு கையில மாத்திரை அட்டை, இன்னொரு கையில போன். குரலைக் கேட்டிருப்பேன், அட நம்ம பொண்ணுன்னு கட்டை விரலால அமுக்கியிருப்பேன். அமுக்கினது ஞாபகத்துல கூட இல்ல.

ஒரு முழு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். அதையும் சொல்லிடறேன். யாருக்கும் தெரியாதே, அப்படியே விட்டுடலாமான்னு யோசிச்சேன். மறுநாள் பஸ் டெர்மினஸுக்குப் போனேன். அண்ணி ஷிப்டுக்கு நடுவுல சிமென்ட் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க.

"அது நான் அனுமதிச்சது அண்ணி."

"பாக்காதேன்னு சொன்னேன் இல்ல."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு நான்தான்னு சொன்னீங்க? அந்தப் பொண்ணு உங்களை என்ன பேச்சு பேசினா. நானும் பேசினேன். அண்ணன் முன்னாடி உங்களை நிக்க வச்சுக் கேட்டேன்."

அண்ணி டீயைக் கீழ வச்சாங்க. "உன்னைத் திருடின்னு சொல்லி மூணு வாரம் ஆகியிருந்துச்சு. நீ இல்லன்னு தெரிஞ்சு வாசல்ல வந்து நிக்கற, மூஞ்சியெல்லாம் பல்லு. பொய்யா ஒரு தடவை உன் மேல பழி போட்டவ நான். அதே நாள் நிஜமா இன்னொரு தடவை போட எனக்கு வாய் வரல மாத்திரை."

நான் அந்த பெஞ்சுல உக்காந்து அழுதேன். கண்டக்டருங்க பாத்தாங்க. அண்ணி என் பக்கம் பாக்காம, எதிர்ல நின்ன வண்டியில ஏறறவங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் டூட்டி நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டாங்க.

பேக்கரிப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணி, அது நான்னு சொன்னேன். "நீங்களா அக்கா?"ன்னா. நான்தான்னேன். "அந்த அக்காவை நான் அவ்வளவு பேசினேன். அவங்க ஒரு வார்த்தை திருப்பிப் பேசல"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அதுக்கப்புறம் என் கடைக்கு அவ வரல. ரெண்டு தெரு தள்ளி இன்னொரு மருந்துக் கடை இருக்கு, அங்க போறா. நான் பாத்தேன்.

குழுவுலயும் எழுதிப் போட்டேன். தப்பு செக்கிங் அக்காவோடது இல்ல, என்னோடதுன்னு, தேதி நேரத்தோட. பத்து நிமிஷத்துல பதிவைக் காணோம். மறுபடி போட்டேன். மறுபடி காணோம். அண்ணிக்கு ஃபோன் பண்ணேன். "பேர் சொல்லிக் குற்றம் சாட்டற பதிவை நம்ம குழுவுல விடறதில்ல"ன்னாங்க. "என் பேரைத்தானே அண்ணி சொல்றேன்"ன்னேன். "யார் பேரா இருந்தா என்ன"ன்னு வச்சுட்டாங்க.

இதுவரைக்கும் பதினோரு தடவை போட்டுட்டேன். பதினோரு தடவையும் நீக்கிட்டாங்க. டூட்டியில இருந்தாக்கூட ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல நீக்கிடறாங்க. ஒன்பதாயிரம் பேரும் இன்னும் அவங்கதான் கோட்டை விட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதனாலதான் இதை இங்க எழுதறேன். இங்க நீக்கறதுக்கு அவங்க கையில பட்டன் கிடையாது.